சாவியை எடுத்த பின்னும் நிற்காத பம்பு

என் பெயர் குத்புதீன், வயது 72, புதுச்சேரி நெல்லித்தோப்பு பள்ளிவாசல் தெருவில் குடியிருக்கிறேன். படிப்பு மூன்றாம் வகுப்பு, அதில் பாதி நாள் வாத்தியார் என்னை வெளியேதான் நிறுத்தியிருந்தார். நாற்பத்தைந்து வருடமாகக் கார்களுக்கு வயரிங் செய்கிறேன்.

வைத்திக்குப்பத்திலிருந்து மீன்கூடை ஏற்றும் ஆம்னி வண்டிக்காரர் கலைவாணன் எனக்குப் பத்து வருடப் பழக்கம். சென்ற மாதம் அவர் வண்டியைக் கொண்டுவந்து, பழைய பெட்ரோல் பம்பு போய்விட்டது, எலக்ட்ரிக் பம்பு மாட்டித் தாருங்கள் என்றார். அந்தப் பம்புக்கு ரிலே என்கிற தானாக இயங்கும் சுவிட்சை வைத்து, பேட்டரியிலிருந்து கரண்டு கொடுக்க வேண்டும். ரிலேவைத் தட்டி எழுப்பும் சின்ன வயரை மட்டும் சாவியிலிருந்து எடுக்க வேண்டும். அப்போதுதான் சாவியை நிறுத்தினால் பம்பும் நிற்கும்.

ரிலேவை மாட்டிய பிறகு, சாவி வயரைப் பிடிக்க ஸ்டியரிங்குக்கு அடியில் மல்லாந்து படுக்கப் போனேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. கலைவாணன் பார்த்துவிட்டு, "இன்னா பாய், உங்களுக்குத்தான் மொதல்ல ரிலே வைக்கணும் போல" என்றார். "எனக்கு வச்சா உன் வண்டிய முந்திடுவேன் மாப்ள" என்று சொல்லி அவரை டீ வாங்க அனுப்பினேன். அவர் போன பிறகு, படுக்காமலே, சின்ன வயரையும் பேட்டரியிலிருந்தே எடுத்து, தனியாக ஒரு சுவிட்ச் வைத்து முடித்துவிட்டேன். அதன் பிறகு டீயோடு வந்தவர் சுவிட்ச் எதற்கென்று கேட்டார். திருடன் வண்டியைக் கிளப்பாமல் இருக்க, இறங்கும்போது அணைத்துவிடு என்றேன். மறந்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். "சாவிய எடுத்தா பம்பு தானா நிக்கும், பயப்படாத" என்று பொய் சொன்னேன்.

இம்மாதம் 9ஆம் தேதி பகலில் மேட்டுப்பாளையத்தில் நாய் குறுக்கே வந்து வண்டி கம்பத்தில் மோதி, பெட்ரோல் குழாய் கழன்றுவிட்டது. கலைவாணன் என் பேச்சை நம்பி, சுவிட்சைத் தொடாமல் சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கி, பின்னால் இருந்த மீன்காரி அஞ்சலாட்சியை வெளியே இழுத்திருக்கிறார். அதற்குள் பம்பு பெட்ரோலைக் கொட்டி, வண்டி தீப்பிடித்து, அவளுடைய இடது கால் வெந்துவிட்டது. அதன் பிறகு, சாவியை நிறுத்தாமல் விட்டதாகக் கலைவாணன் மேல் வழக்குப் போட்டுக் காவலில் வைத்தார்கள்.

நேற்று ஆஸ்பத்திரியில் அஞ்சலாட்சியைப் பார்த்தேன். எப்போதும் அவளைப் பார்த்தால், மீன் நேற்றுப் பிடித்ததா போன வாரமா என்றுதான் ஆரம்பிப்பேன். நேற்று கட்டுப் போட்ட காலைப் பார்த்தபடி பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள், "சாவி அவன் கையிலதான் இருந்துச்சு பாய், நான் பாத்தேன். வலியில உளறுறேன்றாங்க" என்றாள்.

அதன் பிறகு இன்று காலை நானாகவே ஸ்டேஷனுக்கு வந்து, எரிந்த வண்டியில் அந்தச் சின்ன வயர் பேட்டரிக்குப் போவதை உதவி ஆய்வாளருக்குக் காட்டினேன். வழக்கு உங்கள் மேல் வரும், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். "நாலு நாளா யோசிச்சுட்டுதான் வந்தேன் சார். அவன விட்டுடுங்க" என்றேன். என்னால் படுக்க முடியவில்லை என்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கலைவாணனே படுத்து அந்த வயரைப் பிடித்துக் கொடுத்திருப்பார்.

இதை எனக்கு இரண்டு முறை படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை, யாரும் மிரட்டிச் சொல்லவில்லை.

(ஒப்பம்) குத்புதீன்