இரைச்சல் இல்லாத ஒரே பாட்டு

ஒரு கட்டிங் பிளேயரை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பாடகனின் குரலை மூன்று கட்டை உயர்த்தியவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான். இதை நம்பாத ஆள் இந்த அறையில் ஒருவர் உண்டு: என் மச்சான், "துரு" ராக் குழுவின் டிரம்மர். "மாமா பேச்சை ரெக்கார்ட் பண்ணாதீங்க சார், மெஷின் வெக்கப்படும்" என்று உங்களிடம் வாசலிலேயே சொல்லிவிட்டான். யாரிடம் எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் அவன் இப்படித்தான் குறுக்கே விழுவான்.

எங்கள் குழுவின் வரலாற்றை எழுதி, பாடல்களை மறுபடி இசைத்தட்டாக வெளியிடப் போகிறீர்கள். சந்தோஷம். உறைக்கு நீங்கள் எழுதிய குறிப்பையும் படித்தேன். "கடைசிப் பாடலின் பதிவின்போது, ஒலிப்பதிவுக் கூடத்தின் மின்பழுதால் பாடகர் இறந்தார்." பழுது. என் ஸ்டுடியோவில். ஓய்வு பெற்ற ஒலிப்பதிவாளனுக்கும் மானம் என்று ஒன்று இருக்கிறது.

வரலாறு சின்னதுதான். முதல் கேசட்டை வாங்கியவர் பாடகனின் அத்தை. ஒரு தடவை கேட்டுவிட்டு, அதன் மேலேயே சமையல் குறிப்புகளைப் பதிவு செய்துகொண்டார். இரண்டாவது வெளிவந்தபோது வீட்டையே மாற்றிக்கொண்டார். பாடகனை நாங்கள் சைரன் என்று கூப்பிடுவோம். குரல் என்னவோ பஞ்சரான டியூபின் குரல். கடைசிப் பாட்டில் ஓர் உச்ச ஸ்வரம் உண்டு. அதை எட்ட அவன் முயன்றபோதெல்லாம் மேல்மாடிக்காரர்கள் குழாய் ரிப்பேருக்கு ஆள் அனுப்பினார்கள்.

அவனுடைய கிட்டார் ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஓயாத இரைச்சல் வேறு. எர்த் வயரை வெட்டினால் போய்விடும். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த குறுக்குவழி. ஒத்திகையில் வெட்டிப் பார்த்தேன். போயிற்று. கையில் கிட்டார் கம்பியும் உதட்டில் மைக்குமாக நின்ற சைரனுக்குச் சுரீரென்று ஒரு ஷாக். அலறினான். அச்சு அசலாக அந்த ஸ்வரம்.

டேப் ஓடவில்லை. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வயரை ஒட்டவைத்தேன். அவனுக்கு வேண்டிய அவகாசமும் கொடுத்தேன். வெந்நீர் கொப்பளித்தான், மிளகு மென்றான், அழுதுகூடப் பார்த்தான். ஸ்வரம் வரவில்லை.

பதிவு நாளன்று முதல் டேக் வழக்கம்போல் படுத்துவிட்டது. இடைவேளையில் வயரை மறுபடி வெட்டினேன். இரைச்சலுக்காகத்தான். ஷூ தட்டுவது மைக்கில் விழுகிறது என்று அவனைக் கழற்றச் சொன்னேன். ரப்பர் விரிப்பு கிறீச்சிட்டது, சுருட்டி வைத்தேன். தூசி பாடகனுக்கு ஆகாது, அவன் நிற்கும் இடத்தை ஈரத்துணியால் துடைத்தேன். ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள். எதில் குறை காண்பீர்கள்?

"என்னண்ணே, இன்னிக்கு ராஜ உபசாரமா இருக்கு?" என்றான் சைரன்.

"பாட்டு நல்லா வரணும்ல."

வந்தது. நீங்களே ஆயிரம் தடவை கேட்டதாகச் சொன்னீர்கள். பின்னணியில் துளி இரைச்சல் கிடையாது. ஸ்வரம் மூச்சு விடாமல் நிற்கும். அதற்குப் பிறகும் மூச்சு விட அவனுக்கு வாய்க்கவில்லை. மெயின் ஸ்விட்ச் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் பாதியில் அணைத்தால் டேப்பில் 'டப்' என்று ஒரு சத்தம் விழும். விஷயம் தெரிந்த யாரும் அதைச் செய்யமாட்டார்கள்.

ஆகவே உறையில் பழுது என்பதை அடித்துவிட்டு, ஒலிப்பதிவு என்று என் பெயரைப் போடுங்கள். கொஞ்சம் பெரிய எழுத்தாக இருந்தால் நல்லது.

நீங்கள் என்னைப் பார்க்காமல் மச்சானைப் பார்க்கிறீர்கள். பாருங்கள். விசாரிக்க வந்தவர்களிடம் பழைய வயர், தானாக அறுந்துவிட்டது என்று சொன்னவன் இவன்தான்.

"மாமா எப்பவும் ஒண்ணை ஒம்பதாக்கிச் சொல்றவர் சார்" என்று ஆரம்பிக்கிறான். சிரிக்கப் பார்க்கிறான், வரவில்லை.

"டேய், இவர் எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கார். சொல்லிடேன்" என்கிறேன்.

உங்கள் ரெக்கார்டிங் மெஷினைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறான்.

"இதுல மட்டும் மாமா எதையும் கூட்டிச் சொல்லல சார். வெட்டினதை நான் பார்த்தேன். எனக்கும் அந்தச் சத்தம் வேணும்னு இருந்தது. ரெண்டாவது டேக்குக்குக் குச்சியைத் தட்டி, ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு எண்ணிக் குடுத்தது நான்தான்."