பெயர் வைத்த குற்றம்

தலைமை நாற்காலியை நிறைத்து, தகுதிக்கு மேல் மாலைகளைச் சுமந்து, தளராமல் அமர்ந்திருக்கும் தலைமைப் பொறியாளர் அவர்களே! இவருக்கு விருது தேடித் தந்த பெரியோர்களே! ஏரிக்குக் கீழே குடியிருந்தும் இன்னும் உயிரோடிருக்கும் தாய்மார்களே! அனைவருக்கும் ஒரு கட்டுப்பாட்டு அறை ஊழியனின் பணிவான வணக்கம்.

தொலைவிலிருந்தே ஏரியை ஆண்ட திறமைக்காக ஐயாவுக்கு விருது. ஆண்ட கதையைச் சொல்ல வேண்டாமா?

மலைமேல் ஏரி. அதற்கு ஒரு மதகு. திறந்தால் வெள்ளம் ஆற்றுக்குப் போகும். மறந்தால் கரை தாண்டித் தெருவுக்கு வரும். மதகு அறையில் ஏரியைப் பார்க்க ஒரு காமிரா, சிம் போட்ட ஒரு மோடம். அதன் வழியாகத்தான் இங்கிருந்தே மதகை இயக்குகிறோம். ஆனால் சிக்னல் போய் வந்தால் அந்த மோடத்தின் முகவரி எண் மாறிவிடும். மாறினால் என்ன செய்தோம்? ஜீப் எடுத்தோம், மலை ஏறினோம், புது எண்ணைப் பார்த்து வந்தோம். தொலைவிலிருந்து இயக்கும் கருவியைத் தொட்டுப் பார்க்கப் போன துறை நம்முடையது. கை தட்டுங்கள்!

எங்கள் அறையில் ஓர் இளம் பொறியாளர். 'சிக்னல் அக்கா' என்போம். அவர் ஐயாவிடம் போனார்.

"சார், மோடத்துக்கு இணையத்துல ஒரு பேர் வெச்சிடலாம். எண் மாறுறப்பல்லாம் மோடமே புது எண்ணை அந்தப் பேர்ல பதிஞ்சுக்கும். நாம பேரைச் சொல்லிக் கூப்பிட்டாப் போதும்."

"பேர் வைக்க அது என்னம்மா, உங்க வீட்டுக் குழந்தையா?"

கேட்டதோடு விட்டாரா? என்ன பெயர் வைப்பதென்று ஆராயக் குழு அமைத்தார். குழு கூடியது, கலைந்தது, மறுபடி கூடியது. ஓர் உறுப்பினர் தம் மாமனார் பெயரை முன்மொழிந்தார். சிரிக்காதீர்கள், அவர் முன்வரிசையில்தான் இருக்கிறார்.

மழைக்குக் குழு அமைக்கத் தெரியவில்லை. ஒரு பிற்பகலில் கொட்டித் தீர்த்தது. மலைப்பாதை சரிந்தது. சிக்னல் போய் வந்தது, எண் மாறியது. ஓடி வந்த ஐயா பழைய எண்ணையே அழுத்தினார். திரையில் வந்தது ஏரியா? இல்லை! அந்த எண் இப்போது யாரோ ஒருவருடைய ரொட்டிக்கடைக் காமிராவுக்குப் போயிருந்தது.

"தண்ணி எங்கய்யா?"

"சார், அது பன்னு."

"ஜீப்பை எடுங்க!"

"ரோடே இல்ல சார்."

அப்போது தெருவிலிருந்து ஒரு தாயின் தொலைபேசி: "வாசப்படி ஏறிடுச்சுங்க! மாமியாரு எந்திரிக்க முடியாமக் கெடக்கிறாங்க. தூக்க ஆளில்லீங்க!"

சிக்னல் அக்கா எழுந்தார்.

"மன்னிச்சிடுங்க சார். போன தடவை மலைக்குப் போனப்பவே நானா ஒரு பேர் வெச்சுட்டு வந்துட்டேன்."

பெயரைத் தட்டினார். வந்தது ஏரி! திறந்தது மதகு! நெடுநேரம் நான் காதில் பிடித்திருந்த தொலைபேசியில் அந்தத் தாயின் அலறல்: "எறங்குதுங்க! தண்ணி எறங்குதுங்க!"

அக்கா அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டார். ஐயா அழவில்லை. அறிக்கை எழுதப் போய்விட்டார். அதன் பயனாக அவருக்கு விருது. அக்காவுக்கு, அனுமதியின்றிப் பெயர் சூட்டியது ஏன் என்று விளக்கம் கேட்டு ஒரு மெமோ. நாளை விசாரணை.

ஐயா, நான் கெஞ்சவில்லை, கேட்கிறேன். தெருவைக் காத்தது குற்றமா? காத்தவர் குற்றவாளியா?

அதோ, பின்வரிசையில் ஒரு தாய் எழுந்துவிட்டார். என்னம்மா சொல்கிறீர்கள்? "எங்க மாமியாரு உசுரோட இருக்காங்கன்னா அந்தப் பொண்ணாலதான்!" கேட்டீர்களா? இதோ பக்கத்தில் ஒருவர், அதோ இன்னொருவர், இப்போது எல்லோரும் எழுந்து நிற்க, ஒரு நாற்காலியிலும் ஆளில்லை!

ஐயா ஏதோ முணுமுணுக்கிறார். எனக்கு மட்டும் சொன்னால் எப்படி? இதோ மைக்.

"மெமோ... ரத்து."

இன்னும் உரக்க, ஐயா!

"ரத்து! ரத்துய்யா!"

எழுந்து நின்று ரத்து வாங்கித் தந்த தாய்மார்களுக்கு நன்றி. இனி நிம்மதியாக உட்காருங்கள். வணக்கம்.