அரிசி டின்னில் குழந்தை இயேசு

அரிசி டின்னுக்குள் வைத்த பொருள் கெட்டுப்போகாது, இன்ஸ்பெக்டர் அம்மா. பப்பாளி பழுக்கும், சங்கிலி பத்திரமாக இருக்கும், தண்ணீரில் விழுந்த கைப்பேசிகூடப் பிழைத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் குழந்தை இயேசுவையும் அதில்தான் வைப்பேன்.

உங்களுக்கு இந்தப் பழக்கம் தெரியாது போலிருக்கிறது. அந்தோணியார் கையில் ஒரு குழந்தை இயேசு இருப்பார் இல்லையா, எங்கள் சிலையில் அவரைத் தனியாகக் கழற்றலாம். கேட்டதை அந்தோணியார் கொடுக்காவிட்டால் பிள்ளையை எடுத்து ஒளித்துவைத்துவிட வேண்டும். பிள்ளை வேண்டுமென்றால் அவரே இறங்கி வருவார். கோபமெல்லாம் இல்லை, அன்பு இருக்கிற இடத்தில்தானே இவ்வளவு உரிமை எடுத்துக்கொள்ள முடியும். ரப்பர்த் தோட்டத்தில் இருந்தபோது என் அம்மா செய்ததைத்தான் நானும் செய்கிறேன். என் தம்பி எலியட்டுக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது இப்படித்தான். ஷெல்லி அவனுக்கு மனைவியாக வாய்த்ததும் இப்படித்தான். அந்த வேண்டுதலில் மட்டும் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன்.

பக்கத்து வீட்டுக் குமுதா முனியாண்டி சாமிக்குச் சுருட்டும் பீரும் படைப்பாள். கேட்டது நடக்காவிட்டால் அடுத்த வாரம் வெறும் சுருட்டுதான். அவளே என் முறையைக் கேட்டு அசந்துபோனாள். "எங்க சாமிகிட்ட இப்படிப் பண்ணா வூடு பூந்து அடிக்கும்லா, பிளோரன்ஸ்க்கா. ஒங்க சாமி ரொம்ப நல்லவரு," என்றாள். உண்மைதான். அந்தோணியார் ஒருநாளும் என்னிடம் முகம் சுளித்ததில்லை.

டெரல் என் தம்பி மகன். இன்னும் மழலை மாறவில்லை. எலியட்டும் ஷெல்லியும் மாறி மாறி ஷிப்ட்டுக்குப் போக, செரண்டா ஊரில் எங்கள் வீட்டில் அவனைக் குளிப்பாட்டி, சோறூட்டி, தூங்கவைத்தவள் நான். எனக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. அவன் முதலில் 'மா' என்று கூப்பிட்டது என்னைத்தான். ஷெல்லி அதைக் கேட்டுச் சிரித்தாள். சிரித்துவிட்டு, புக்கிட் பெருந்துங் ஊரில் தனி வீடு பார்த்தாள்.

"தனியா இருந்து பழகணும்லா, அக்கா. நீங்க வாரா வாரம் வந்து பாருங்க," என்றாள். எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைக்க என்ன இருக்கிறது. அன்றே குழந்தை இயேசு அரிசிக்குள் போனார். அந்தோணியார் அசையவில்லை. சாமான் ஏற்ற லோரியே வாசலுக்கு வந்துவிட்டது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. போகிறவள் ஷெல்லி. நானோ அந்தோணியாரிடம் போய்ப் பிள்ளையைப் பிடுங்கிவைத்திருக்கிறேன்.

டெரலுக்கு இருமல் மருந்து கொடுத்தேன். வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாராளமாக. அழுதால் அவனுக்குத்தானே தொண்டை வலிக்கும். கடைக்குப் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். அவன் பின் சீட்டில் படுத்திருந்ததை யாரும் பார்க்கவில்லை. எங்கள் பழைய தோட்டத்தில், தாய்மார் ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகை இன்னும் நிற்கிறது. சுற்றிலும் செம்பனை, ஆள் நடமாட்டம் கிடையாது. துண்டு விரித்து அவனைப் படுக்கவைத்தேன். பாம்பு நுழையக்கூடாதே என்று ஜன்னல்களைச் சாத்தினேன். கதவைப் பூட்டினேன். தகரக் கூரை, மத்தியான வெயில் என்று நீங்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள். நாங்களெல்லாம் அந்தக் கூரைக்குக் கீழே வளர்ந்தவர்கள்தான்.

திரும்பி வந்து எல்லாரோடும் சேர்ந்து தேடினேன். உங்கள் ஆட்களுக்குத் தேநீர் கலக்கியதும் நான்தான். சீனி போதுமா என்றும் கேட்டேன்.

ஷெல்லி தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு ஓடினாள். கடைசியில் அந்தோணியார் முன்னால் வந்து விழுந்தாள். பிள்ளையில்லாத அவர் கையைப் பார்த்து இன்னும் அழுதாள். "எம்புள்ள கெடச்சா போதும். நான் எங்கயும் போகல. அக்காகூடவே இருந்துர்றேன்," என்றாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இறங்கி வந்துவிட்டார் பாருங்கள்.

உடனே ஏன் ஓடவில்லை என்று கேட்கிறீர்கள். முறை என்று ஒன்று இருக்கிறது, அம்மா. கேட்டது கிடைத்ததும் முதலில் அவர் பிள்ளையை அவரிடம் கொடுக்க வேண்டும். அரிசியைத் தட்டி, துணியால் துடைத்து, கையில் வைத்தேன். மெழுகுவர்த்தி ஏற்றினேன். நன்றிக்கு ஒரு செபமாலை முழுதாகச் சொன்னேன்; பாதியில் எழுந்தால் வரம் பலிக்காது. அதன் பிறகுதான் டெரலை எடுக்கப் போனேன்.

அவன் உடம்பு அனலாகக் கொதித்தது. கூப்பிட்டேன், கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதும் நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இன்னும் விழிக்கவில்லை என்கிறார்கள்.

ஆமாம், எடுத்தது நான். மருந்து கொடுத்தது நான். பூட்டியது நான். எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஓர் உதவி செய்யுங்கள். குமுதாவிடம் எங்கள் வீட்டுச் சாவி இருக்கிறது. அந்தோணியாரைத் தலைகீழாகத் தண்ணீர் வாளிக்குள் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். டெரல் கண் திறக்கும்வரை அப்படியே இருக்கட்டும். அவர் பிள்ளையை நான் ஒரு கீறல் இல்லாமல் திருப்பிக் கொடுத்தேன். வாக்குத் தவறியவர் அவர்தான்.