பாதியில் நின்ற விவாதம்

என் பெயரை ரெக்கார்டில் உள்ளபடி எழுதிக்கொள்ளவும். பல்கலைக்கழகத்தில் 'பெல் மாமா' என்றால்தான் துணைவேந்தருக்கே தெரியும். வயது ஐம்பத்து நான்கு, பார்த்தால் சொல்ல முடியாது. பின் கேட்டை ஒட்டிய ஊழியர் குடியிருப்பில் மாடி வீடு. படிப்பு எட்டாவது, ஆனால் அட்டெண்டராக அரசியல் வகுப்பு வாசலில் நின்று நின்று எம்.ஏ.வுக்கு மேலேயே கேட்டிருக்கிறேன்.

அந்த வகுப்பில் மேடம் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். விவாதத்தின் பாதியில் நான் பெல் அடிப்பேன். உடனே ஆதரித்தவர்கள் எதிர்த்தும், எதிர்த்தவர்கள் ஆதரித்தும் பேச வேண்டும். நேற்றுத் தலைப்பு, இந்த அரசு தொடரலாமா என்பது. அங்கே படிக்கும் என் தங்கை மகள், கூடாது என்ற பக்கம். அவள் ஆரம்பித்ததும் நான் போய் வாட்ச்மேனையும் தண்ணீர் கேன் போடுகிறவரையும் இழுத்து வந்து, "பாருங்கய்யா, எங்க வீட்டு ரத்தம்" என்று காட்டினேன். அதன் பிறகு அவள் பேசிய பேச்சை மின்விசிறியே நின்று கேட்டது. நானும் வாயைப் பிளந்து நின்றுவிட்டபடியால் பெல் அடிக்கவில்லை. அப்படியே நேரம் முடிந்து வகுப்பு கலைந்தது. ஆகவே அவள் ஆதரித்துப் பேச வேண்டிய மறுபாதி நடக்கவே இல்லை. யாரோ செல்போனில் எடுத்து ஊர் முழுக்க அனுப்பிய வீடியோவிலும் முதல் பாதிதான் இருக்கிறது.

அதன் பிறகு இன்று காலை அவளைச் செருப்புக்கூடப் போடவிடாமல் இந்தக் காவல் நிலையத்துக்கு அழைத்து வந்தார்கள். மேடம் வந்து வழக்கத்தை விளக்கினார். நடக்காத மறுபாதிக்கு என்ன அத்தாட்சி என்று கேட்டு ஆய்வாளர் அதை ஏற்கவில்லை. நான் அவர் காலைப் பிடித்தேன். அதன் பிறகு அவர், மறுபாதியை இப்போதே தன் எதிரில் பேசட்டும், யோசிக்கலாம் என்றார். பெஞ்சில் இருந்தவளிடம் ஓடி, "நல்லதா ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வந்துடு கண்ணு, உங்கம்மா அங்க பாதி உசிரா கெடக்குறா" என்று கெஞ்சினேன்.

"மறுத்துப் பேச ஆள் இருந்தாத்தான் மாமா அது விவாதம். இங்க யாரு என்னை மறுப்பா? ஆளில்லாம பேசுனா அதுக்குப் பேரு கும்புடு" என்றாள்.

அதன் பிறகு நான் நிமிர்ந்து நின்று சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு, "நான் மறுக்கறேன், நீ பேசு" என்றேன். இந்த அரசு ஏன் தொடரக் கூடாது என்று, அவள் நேற்றுச் சொன்னதையெல்லாம், சொல்லாத நாலையும் சேர்த்து, காவலர்கள் முன்னிலையில் உரக்கப் பேசினேன். ரைட்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். அவள் முதலில் அழுதாள். அதன் பிறகு எழுந்து நின்று வரிக்கு வரி மறுத்து, "உங்க கணக்கே தப்பு மாமா" என்று என்னை மண்ணைக் கவ்வ வைத்தாள்.

அதன் பிறகு ஆய்வாளர் அவள் பக்கம் பார்க்காமல், என்னை உட்காரச் சொல்லி, நான் சொல்லச் சொல்ல ரைட்டரை இதை எழுதச் சொன்னார். அவளை விடுவதாக இன்னும் சொல்லவில்லை. எதிர்த்த பேச்சு என் வாயிலிருந்து காவல் நிலையத்திலேயே வந்துவிட்டது. உள்ளே வைக்க ஒரு ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன். அவளுடைய மறுபாதி முடிந்துவிட்டது என்று மட்டும் எழுதிக்கொள்ளவும்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். இதில் கூட்டிச் சொன்னது ஏதும் இருந்தால் அது என்னைப் பற்றியதாகத்தான் இருக்கும். அவளைப் பற்றியது அத்தனையும் நடந்தது நடந்தபடியே.

(ஒப்பம்)