படத்தில் வேறு ஆள்

நாற்காலி வசதியாகத்தான் இருக்கிறது, நன்றி. எங்கள் அலுவலக நாற்காலியில் மத்தியானம் வரை உட்கார்ந்தால் இடுப்பு கழன்றுவிடும். நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். நான் வேகமாகப் பேசுகிறவன் இல்லை.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். கிரிப்டோ நாணயம் வாங்கி விற்க இடம் கொடுக்கும் நிறுவனம் எங்களுடையது. கணக்கு வைத்திருப்பவர் அவர்தானா, சொன்ன ஊரில்தான் இருக்கிறாரா என்று சரிபார்க்கிற மேசை என்னுடையது. தமிழில் எழுதுகிறவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் என் வரிசைக்குத்தான் வந்து சேருவார்கள். நீங்கள் விசாரிக்கிற அந்தப் பெண் இருந்த நாடு திடீரென்று ஒரு சட்டம் போட்டது. உரிமம் வாங்காத நிறுவனங்கள் இனி அங்கே தொழில் செய்யக் கூடாது. எங்களிடம் உரிமம் இல்லை. அந்த நாட்டுக்காரர்கள் அறுபது நாளுக்குள் தங்களுடையதை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும், தவறினால் கணக்கு முடங்கிவிடும் என்று அறிவித்தோம். எடுப்பதற்கு ஒரே ஒரு வீடியோ போதும். பதிவு செய்த வீட்டுக்குள், பகல் வெளிச்சத்தில், அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டு பெயரையும் தேதியையும் சொல்லி, முகத்தை இரண்டு பக்கமும் திருப்பிக் காட்ட வேண்டும். பின்னால் திரை கட்டக் கூடாது. படத்தில் வேறு ஆள் இருக்கக் கூடாது.

பக்கத்து மேசைக்காரன் எனக்குப் பூசாரி என்று பெயர் வைத்திருந்தான். "சாமியே வரம் குடுத்தாலும் நீ குடுக்க மாட்டியேடா" என்பான். நானும் சேர்ந்து சிரிப்பேன். யாராவது ஒருவர் கறாராக இருந்தால்தானே கோயில் நடக்கும்.

அவள் பள்ளிச் சீருடை தைக்கிறவள். கணவர் லிப்ட் மெக்கானிக். மூன்றாவது மாடியிலிருந்து விழுந்து முதுகெலும்பு நொறுங்கிப் படுக்கையில் இருந்தார். விழுவதற்கு முன்னால் பல வருடமாக மனைவி பெயரில் கொஞ்சம் கொஞ்சமாக நாணயம் வாங்கிச் சேர்த்திருக்கிறார். இப்போது அதுதான் அறுவை சிகிச்சைக்கு. முன்பணம் கட்டினால்தான் ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள், ஒரு மாதத்துக்குள் செய்ய வேண்டும், அதுவரை அவரை அசைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இத்தனையும் அவளுடைய முதல் கடிதத்திலேயே இருந்தது. ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்லப்போவதில்லை.

முதல் வீடியோ அறிவிப்பு வந்த மூன்றாம் நாளே வந்துவிட்டது. ஒற்றை அறை. ஜன்னலோரம் தையல் மிஷின், சுவரில் அடுக்கு அலமாரி, அவளுக்குப் பின்னால் கட்டில். கட்டிலில் போர்வைக்கு வெளியே இரண்டு பாதங்கள். பெயர் சொன்னாள், தேதி சொன்னாள், முகத்தைத் திருப்பினாள். எல்லாம் முடிந்தபின் போனை அணைக்கத் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தாள். அப்போது கட்டிலிலிருந்து அவர் குரல் கேட்டது.

"கொஞ்சம் சிரிச்ச முகமா வையேன். அங்க பாக்குறவன் வீட்டுல சிரிக்கிறதுக்கு ஆள் இருக்கோ இல்லியோ, பாவம்."

"சும்மா இருங்க. கேக்கப் போவுது" என்றாள். சொல்லும்போதே சிரித்துவிட்டாள்.

அந்த இடத்தை நான் மறுபடி ஓடவிட்டேன். ஒலி தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பதும் என் வேலைதான். பிறகு சாப்பாட்டு இடைவேளையில் இன்னொரு முறை பார்த்தேன். என் மனைவி தாய் வீட்டுக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது என்று உங்கள் குறிப்பில் இருக்கும். அதையும் இதையும் முடிச்சுப் போட வேண்டாம். படுத்த படுக்கையாகக் கிடக்கிற மனிதர் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

'படத்தில் வேறு ஆள் இருப்பதால் ஏற்க இயலவில்லை. மீண்டும் அனுப்பவும். தங்கள் பொறுமைக்கு நன்றி' என்று பதில் போட்டேன். எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி. அவளுக்கு எல்லாப் பதிலையும் எழுபத்தோராவது மணியில் அனுப்பினேன். ஒருநாளும் தாமதித்ததில்லை.

இரண்டாவதில் போனைக் கொஞ்சம் தள்ளி வைத்திருந்தாள். பாதம் மறைந்து கை தெரிந்தது. மூன்றாவதில் கட்டிலை மறைத்துப் போர்வை கட்டினாள். பின்னால் திரை கூடாது என்று எழுதினேன். நான்காவதை மாடிப்படியில் நின்று எடுத்தாள். படி வீட்டுக்குள் சேராது. ஒவ்வொரு பதிலிலும் ஒரு காரணம்தான் சொன்னேன். மொத்தமாகச் சொல்லிவிட்டால் ஜனங்கள் குழம்பிப்போவார்கள்.

"சார், ஒரே ரூம் சார். அவர நான் எங்க கொண்டு போய் வைக்கிறது? கால்தானே சார் தெரியுது" என்று குரல் செய்தி அனுப்பினாள். பேசி முடித்துவிட்டு மூச்சு வாங்குவதும் பதிவாகியிருந்தது. 'விதியில் மாற்றம் இல்லை' என்று எழுதினேன். யாராவது ஒரு மனுஷர் போனில் பேசுங்கள் என்று கேட்டாள். எங்களிடம் அந்த வசதி கிடையாது என்று நான்தான் பதில் எழுதினேன்.

ஐந்தாவது வீடியோவில் தையல் மிஷின் இல்லை. ஆறாவதில் அலமாரி இருந்த இடத்தில் சுவர் வெளுப்பாகத் தெரிந்தது. இரண்டிலும் அவர் கால் ஓரமாகத் தெரிந்தது, திருப்பி அனுப்பினேன். மிஷினையும் அலமாரியையும் விற்றிருப்பாள். மருந்துக்கு எங்கே போவாள். ஆஸ்பத்திரி சொன்ன ஒரு மாதம் அதற்குள் ஓடிவிட்டது. இரண்டு வாரம் கூடுதலாகத் தருவதாக டாக்டர் சொன்னாராம், அதையும் எழுதியிருந்தாள். காலையில் அலுவலகம் வந்ததும் முதலில் அவள் வரிசை எண்ணைத்தான் தேடுவேன். வந்திருந்தால் அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருக்கும். இதில் மறைக்க என்ன இருக்கிறது. அந்த அறை எனக்குப் பழகிவிட்டது.

ஏழாவதற்கு முன்னால் ஒரு செய்தி வந்தது. "டாக்டர் அவர அசைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கார் சார். ஆனா வேற வழி தெரியல. பக்கத்து வீட்டுக்காரங்க ரெண்டு பேர வெச்சு மெத்தையோட தூக்கி வெளிய படுக்க வெச்சுட்டு எடுக்கலாமா சார்? அப்ப சரியாயிருமா?"

இந்த ஒன்றுக்கு மட்டும் நான் எழுபத்தோராவது மணி வரை காத்திருக்கவில்லை. உடனே பதில் போட்டேன். 'படத்தில் வேறு ஆள் இல்லாமல் இருந்தால் பரிசீலிக்கப்படும்.' எத்தனை தடவை வேண்டுமானாலும் படித்துப் பாருங்கள். தூக்கச் சொல்லி அதில் ஒரு வார்த்தை இருக்காது.

அறை காலியாக இருந்தது. அவள் அட்டையைப் பிடித்துக்கொண்டு பெயரைச் சொன்னாள். தேதியைச் சொல்லும்போது வெளியிலிருந்து அவர் கத்துவது கேட்டது. மனிதக் குரல்தான், ஆனால் வார்த்தை எதுவும் இல்லை. அவள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு இடப் பக்கம் திரும்பினாள், வலப் பக்கம் திரும்பினாள், முழுவதையும் சரியாக முடித்தாள். நான் கதவுப் பக்கம் கேட்ட அந்தச் சத்தத்தைக் குறிப்பிட்டு, 'வேறு நபரின் குரல் பதிவாகியுள்ளது' என்று திருப்பி அனுப்பினேன்.

அதன் பிறகு ஒன்பது நாள் எதுவும் வரவில்லை. நானே இரண்டு நினைவூட்டல் அனுப்பினேன். கெடு நெருங்குகிறதே என்ற கவலைதான். வேறு யாரும் என் வரிசையில் அப்படி இரண்டு முறை விசாரிக்கப்பட்டதில்லை.

எட்டாவது வீடியோ ஐம்பத்தைந்தாம் நாள் வந்தது. கட்டில் காலி. மெத்தையும் இல்லை, வெறும் பலகை. வெளிச்சம் நன்றாக இருந்தது. பெயர், தேதி, இரண்டு பக்கமும் முகம். கடைசியில் நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"இப்ப யாரும் இல்ல சார். நல்லாப் பாத்துக்குங்க."

நான்கு நிமிடத்தில் ஒப்புதல் கொடுத்தேன். அந்த மாதம் எங்கள் தளத்திலேயே மிக வேகமான ஒப்புதல் அதுதான். பக்கத்து மேசைக்காரன்கூட, "என்னடா, பூசாரிக்கு இன்னைக்குச் சாமி வந்துருச்சா" என்று கேட்டான். ஆனால் அவள் எதையும் எடுக்கவில்லை. அறுபதாம் நாள் கணக்கு முடங்கிவிட்டது. அது அவளுடைய முடிவு. வீடியோ எட்டையும் உங்களுக்கு அனுப்பி வைத்ததும் அவள்தான் என்று சொல்கிறீர்கள். சரி, அவள் உரிமை.

எங்கள் விதிக் கையேட்டை என் பக்கம் திருப்பி வைக்க வேண்டியதில்லை. அதில் 'வேறு ஆள்' என்று இல்லை, 'வேறு ஒருவரின் முகம்' என்றுதான் இருக்கிறது. குரலைப் பற்றி எதுவுமே இல்லை. படித்துக் காட்டவும் வேண்டாம், ஆங்கிலக் கையேட்டைத் தமிழில் எழுதிக் கொடுத்தவனே நான்தான். எட்டு வீடியோவில் ஒன்றில்கூட அவர் முகம் இல்லை. முதல் வீடியோவே சரியாக இருந்தது. மூன்றாம் நாளே விட்டிருந்தால் அவர் அறுவை சிகிச்சை முடிந்து எழுந்து உட்கார்ந்திருப்பார். இது எனக்கு அன்றைக்கே தெரியும். தூக்கினால் என்ன ஆகும் என்பதும் அவள் கேட்டபோதே தெரியும். தெரிந்துதான் உடனே பதில் போட்டேன்.

எழுதிக்கொண்டீர்களா? கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஒன்றை மட்டும் கீழே தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், பின்னால் யாரும் என்னைத் தப்பாக நினைக்கக் கூடாது. அந்த மனிதரைத் தவிர, அந்த வீட்டில் வேறு யாருக்கும் நான் ஒரு கெடுதலும் செய்யவில்லை.