ஹெஸ்டரின் ஞாபகசக்தி

சத்தமாக வாசிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. "மியூரியலுக்குக் குரல் உண்டு, முகம்தான் இல்லை" என்று நடிப்புப் பள்ளியிலேயே என்னைப் பற்றிச் சொல்வார்கள். முகம் என்னோடு படித்த ஹெஸ்டருக்கு இருந்தது.

லீட்ஸ் நகரத்து நாடகக் குழுவில் அவள் கதாநாயகி ஆனபோது, நான் அவளுக்கு வசனம் வாசிப்பவள் ஆனேன். பிரதியில் இருக்கும் எழுத்து அவள் கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடி போட்டால் வயது தெரிந்துவிடுமாம். இந்த ரகசியம் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். இருபத்திரண்டு வருடம், மேடைக்கும் தொலைக்காட்சிக்கும், ஒவ்வொரு வரியும் என் வாயிலிருந்துதான் அவள் காதுக்குப் போனது. மூன்று முறை கேட்டால் அச்சுப் பிசகாமல் சொல்வாள். அதை நான் மறுக்கவில்லை.

ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், இவ்வளவு வசனத்தை எப்படி மனப்பாடம் செய்கிறீர்கள் என்று கேட்டார்கள்.

"எல்லாம் கடவுள் குடுத்த ஞாபகசக்திதான்" என்று சிரித்தாள்.

நான் வீட்டில் ரொட்டியும் பீன்ஸும் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தேன். என் பெயரைச் சொல்லியிருக்கலாம்.

அடுத்த நாடகத்தில் ஒரே ஒரு வார்த்தையை மாற்றி வாசித்தேன். ஒத்திகையில், பிரதியைக் கையில் வைத்திருந்த மேடை உதவியாளன் கிளைவ் திருத்தினான்.

"நவம்பர் இல்ல ஹெஸ்டர், அக்டோபர்."

பிறகு வாரத்துக்கு இரண்டு வார்த்தை. பிறகு முழு வரிகள். கூட நடித்தவர்கள் அவளிடம் மெதுவாக, குழந்தையிடம் பேசுவதுபோலப் பேச ஆரம்பித்தார்கள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஒருநாள் ஒப்பனை அறையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மியூரியல், நீ இப்படித்தானே வாசிச்ச?"

"இல்ல டார்லிங், நான் சரியாத்தான் வாசிச்சேன். நீதான் மாத்திச் சொல்லிட்ட."

நம்பினாள். மூளையில் ஒரு கோளாறும் இல்லை என்று சொன்ன மருத்துவரைத்தான் நம்பவில்லை. கையெழுத்திட்டிருந்த தொலைக்காட்சித் தொடரிலிருந்து தானாகவே விலகினாள்.

இப்போது ஸ்கார்பரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். மற்றவர்கள் கிறிஸ்துமஸ் வாழ்த்தட்டையோடு சரி. நான் மட்டும் வாரம் தவறாமல் போகிறேன். அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

போன செவ்வாய்க்கிழமை போனபோது தலைவாரி, உதட்டுச்சாயம் பூசி உட்கார்ந்திருந்தாள்.

"இன்னிக்கு செவ்வாய்தானே? நீ வர்ற நாள்னு காலையிலேர்ந்து மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே இருந்தேன்."

"இல்ல டார்லிங், வியாழன்" என்றேன்.

அன்பாகத்தான் சொன்னேன்.