ரொறன்ரோவுக்குப் போகிற வேகம்

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டாலும் சொந்த உழைப்பில் மூன்று லொறி வாங்கி ஓட்டியவன் நான். தூரக் கணக்கில் என்னை வெல்ல ஆளில்லை. ஆனால் நேற்றுப் பண்டத்தரிப்பு மினிபஸ்ஸில் முன் சீட்டுப் பெண்கள் இருவர் கதைத்த கணக்கை எந்த லொறியிலும் நான் கண்டதில்லை.

“கனடாவிலை, ரொறன்ரோவிலை இருந்து என்ரை மகன் திங்கள் வெளிக்கிட்டால் புதன்தான் இஞ்சை வாறான். திரும்பிப் போகேக்கை காலமை வெளிக்கிட்டு அண்டைக்குப் பின்னேரமே போய்ச் சேர்ந்திடுறான்.”

“தூரம் ஒண்டுதானே, அக்கா? போகேக்கை மிளகாய்த்தூள், ஒடியல் எண்டு பாரமும் கூடவெல்லோ.”

“பாரத்தோடையும் பறக்கிறான். அவன்ரை மனிசி அங்கையெல்லோ இருக்கிறாள்.”

“சும்மா இருங்கோ அக்கா.”

“இந்தமுறை அவளும் கூட வாறாளாம். திரும்பிப் போக எத்தினை நாள் எடுக்கிறான் எண்டு பாப்பம்.”